ஆல்ட் லாங் சைன்: நீங்க முதல்ல எங்க கேட்டீங்க?

நான் இருக்கிறது ஸ்காட்லாந்துல டம்ஃப்ரீஸ், முதியோர் இல்லத்துல கேரர் வேலை. வந்த முதல் வருஷம் டிசம்பர் 31 நைட் ட்யூட்டி எனக்குத்தான் விழுந்துச்சு, இங்க அந்த ராத்திரிக்கு ஹாக்மனேன்னு பேரு. 12 மணி அடிச்சதும் முடிஞ்சவங்க எல்லாம் எழுந்து வட்டமா நின்னாங்க, புது வருஷம் பொறந்ததும் இங்க பாடற 'ஆல்ட் லாங் சைன்' பாட்டு ஆரம்பிச்சதுமே நான் டிவில பாத்த மாதிரி ரெண்டு கையையும் குறுக்க போட்டு பக்கத்துல நின்ன ஒரு வயசான அம்மாவோட கையப் பிடிச்சேன். ரிட்டயர்டு டீச்சர் அவங்க. என் விரல ஒவ்வொண்ணா பிரிச்சு விட்டு, "இப்ப இல்லம்மா, கடைசி பத்தி வரட்டும்"னாங்க. "இந்தா என் கை, உன் கையக் குடு"ன்னு ஒரு வரி வரும், அப்பதான் குறுக்க போடணும், அதுவரைக்கும் சாதாரணமா கை கோத்து நின்னா போதும். அந்த வரி வந்தப்ப அவங்களே என் கைய மாத்தி வச்சு இறுக்கிப் பிடிச்சாங்க, ஐஸ் மாதிரி சில்லுன்னு இருந்துச்சு அந்தக் கை.

மறுநாள் டீ குடுக்கப் போனப்ப உக்கார வச்சு சொல்லிக் குடுத்தாங்க. 'ஜைன்' இல்ல, 'சைன்'. ஆல்ட்னா பழைய, லாங்னா நெடுநாள், சைன்னா அப்போலேர்ந்து. கதை சொல்றப்ப நாம "ஒரு காலத்துல"ன்னு ஆரம்பிப்போம்ல, அதுக்கும் இதையே சொல்வாங்களாம். பாட்டுல ரெண்டு பேர் சின்ன வயசுல மலைச்சரிவுல டெய்சி பூ பறிச்சவங்க, காலைலேர்ந்து சாப்பாட்டு நேரம் வரைக்கும் ஓடையில கால நனைச்சு ஆடினவங்க, இப்ப அவங்களுக்கு நடுவுல பெரிய கடல் இரையுது. எனக்கு அதுக்கு மேல டீ இறங்கல. பெரியம்மா பொண்ணும் நானும் வாய்க்கால்ல அப்படித்தான் கிடப்போம், அவ இப்ப குவைத்துல, பேசியே ரெண்டு வருஷம் ஆச்சு.

ஸ்காட்லாந்துக் கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் இத ஒரு லெட்டர்ல எழுதி அனுப்பினது 1788 டிசம்பர்ல, அப்ப அவர் இருந்த எல்லிஸ்லண்ட் பண்ணை எங்க ஊர்லேர்ந்து 6 மைல்தான், நித் ஆத்தங்கரை. ஒரு வயசானவர் பாடக் கேட்டு எழுதினேன்னு சொன்னவரு அவரு. அச்சுல வந்தது 1796, அவர் செத்ததும் அதே வருஷம்தான். இப்ப நாம கேக்குற மெட்டோட சேந்தது 1799ல. இத பிரிவுப் பாட்டுன்னு சில பேர் சொல்றது எனக்கு ஒப்பல, ரெண்டு பேரும் திரும்ப சந்திச்சு உக்காந்து பேசற பாட்டு இது.

---

அக்கா, நான் கேட்டது பரங்கிமலை ஓடிஏல, அதான் ராணுவ ஆபீசருங்களுக்கு ட்ரெய்னிங் குடுக்கற அகாடமி, தம்பியோட பாசிங் அவுட் பரேடு. பசங்க மெதுநடையா வந்து 'அந்திம் பக்'னு சொல்ற அந்தக் கடைசி அடிய தாண்டறப்ப பேண்டுல இந்த ட்யூன்தான். அப்பா ஒரு வார்த்த பேசல, துண்ட வாய்ல பொத்திக்கிட்டு நின்னாரு. பாட்டுக்கு வார்த்தை இருக்குன்னே எனக்கு இன்னிக்குத்தான் தெரியும், தேங்க்ஸ் அக்கா.

---

நான் ஜப்பான்ல 4 வருஷம் இருந்தேன். சாயங்காலம் சூப்பர்மார்க்கெட்ல இந்த மெட்டு வந்தா கடை மூடப் போறாங்கன்னு அர்த்தம், அதையே மூணு தாளத்துல வால்ஸ் டான்ஸ் மாதிரி போடுவாங்க, கூடைய தூக்கிட்டு பில்லுக்கு ஓடுவோம். ஸ்கூல்ல படிப்பு முடிச்சுப் போறப்பவும் இதே மெட்டுதான், 'ஹோதாரு நோ ஹிகாரி'ன்னு மின்மினி வெளிச்சத்துல படிச்ச கதையா ஜப்பானிய வரி போட்டு 1881லயே பாட்டுப் புத்தகத்துல சேத்துட்டாங்க. பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு இது ஸ்காட்லாந்து மெட்டுன்னு சொன்னா நம்பவே இல்ல, எங்க பாட்டுப்பான்னுட்டாங்க.

---

அந்தப் பாட்டி சொன்னதும் சரிதாங்க தம்பி, நூறு வருஷத்துக்கு மேல பாடினா அவங்க பாட்டுதானே. நேத்து குவைத்துக்கு போன் போட்டேன். எடுத்ததும், வாய்க்கால்ல செருப்பு போச்சே ஞாபகம் இருக்கா உனக்குன்னு கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல, அப்புறம் "ரெண்டும் என் செருப்புடி"ன்னா.