மு. கருணாநிதியின் 13 சட்டமன்ற வெற்றிகள்: தொகுதி மாற்றங்களையும் வாக்கு வித்தியாசங்களையும் எப்படிப் புரிந்துகொள்வது?

கேள்வி: வெண்ணாற்றங்கரையான்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊர் நூலக வாசகர் வட்டத்துக்காக, நீண்ட காலம் பதவியில் இருந்த சட்டமன்ற உறுப்பினர்களின் தேர்தல் வரலாற்றைப் பற்றி ஒரு கட்டுரை எழுதி வருகிறேன். மு. கருணாநிதி அவர்களைப் பற்றிய பகுதியில்தான் தயங்கி நிற்கிறேன். 1957 முதல் 2016 வரை 13 முறை போட்டியிட்டு 13 முறையும் வென்றார் என்பதை எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் அந்த வெற்றிகள் குளித்தலை, தஞ்சாவூர், சைதாப்பேட்டை, அண்ணாநகர், துறைமுகம், சேப்பாக்கம், திருவாரூர் என ஏழு தொகுதிகளில் கிடைத்தவை. தோல்விக்கு அஞ்சித் தொகுதி மாறிக்கொண்டே இருந்தார் என்று ஒரு சாரார் எழுதுகிறார்கள். மாநிலத் தலைவருக்கு எல்லாத் தொகுதியும் சொந்தத் தொகுதிதான் என்று மறு சாரார் பதில் சொல்கிறார்கள். இரண்டு தரப்பும் எண்களைக் காட்டுவதில்லை. வாக்கு விவரங்களைக் கொண்டு இதில் ஏதாவது சொல்ல முடியுமா?

இன்னொரு சிறு ஐயம். அவர் "60 ஆண்டுகள் சட்டமன்ற உறுப்பினர்" என்று பல கட்டுரைகளில் வருகிறது. அதை அப்படியே எழுதலாமா?

பதில் 1: பழைய வாக்காளர்

நல்ல கேள்வி, நண்பரே. முதலில் வாக்கு வித்தியாசங்களைத் தேர்தல் வரிசையிலேயே பார்த்துவிடுவோம். குளித்தலையில் 1957-இல் 8,296. தஞ்சாவூரில் 1962-இல் 1,928. சைதாப்பேட்டையில் 1967-இல் 20,482, 1971-இல் 12,511. அண்ணாநகரில் 1977-இல் 16,438, 1980-இல் 699. துறைமுகத்தில் 1989-இல் 31,991, 1991-இல் 890. சேப்பாக்கத்தில் 1996-இல் 35,784, 2001-இல் 4,834, 2006-இல் 8,526. திருவாரூரில் 2011-இல் 50,249, 2016-இல் 68,366.

இந்த வரிசையை ஊன்றிப் படித்தால் ஒன்று புலப்படும். அவருடைய மிகக் குறைந்த மூன்று வித்தியாசங்களான 699, 890, 1,928 ஆகிய மூன்றுமே அந்தந்தத் தொகுதியில் அவர் கடைசியாகப் போட்டியிட்டபோது வந்தவை. தஞ்சாவூருக்கு 1962-க்குப் பிறகு அவர் வேட்பாளராகத் திரும்பவில்லை. அண்ணாநகருக்கு 1980-க்குப் பிறகும் துறைமுகத்துக்கு 1991-க்குப் பிறகும் அப்படித்தான். எனவே, நெருக்கடி கொடுத்த தொகுதியை விட்டு நகர்ந்தார் என்ற கூற்றை ஆதாரமற்றது என்று தள்ளிவிட முடியாது. ஆனால் 2001-இல் சேப்பாக்கத்தில் அவர் பெற்றது 29,836 வாக்குகள், எதிர்த்து நின்ற காங்கிரஸ் வேட்பாளர் பெற்றது 25,002. இதுவும் நெருக்கமான போட்டிதான். அப்படியிருந்தும் 2006-இல் அதே சேப்பாக்கத்தில் மீண்டும் நின்றார். தொகுதியைவிட்டு ஓடுவதுதான் அவருடைய வழக்கம் என்று சொல்பவர்கள் இந்தத் தேர்தலைக் கணக்கில் எடுத்துக்கொள்வதே இல்லை.

1980 அண்ணாநகரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அந்த ஆண்டு ஜனவரியில் நடந்த மக்களவைத் தேர்தலில் தி.மு.க.–காங்கிரஸ் கூட்டணி தமிழ்நாட்டில் அபாரமாக வென்றது. பிப்ரவரியில் எம்.ஜி.ஆர். ஆட்சி கலைக்கப்பட்டது. மே மாதத்தில் நடந்த சட்டமன்றத் தேர்தலிலும் அதே கூட்டணி வெல்லும் என்று எல்லோரும் எதிர்பார்த்திருக்க, மக்கள் எம்.ஜி.ஆரையே திரும்பக் கொண்டுவந்தார்கள். தி.மு.க.வுக்குக் கிடைத்தவை 37 இடங்கள். அண்ணாநகரில் அவரை எதிர்த்தவர் டாக்டர் எச். வி. ஹண்டே. சுதந்திராக் கட்சியில் வளர்ந்தவர், நகரத்தின் படித்த வாக்காளர்களிடம் நல்ல பெயர் உள்ள மருத்துவர், பின்னாளில் எம்.ஜி.ஆர். அமைச்சரவையில் சுகாதாரத் துறையைக் கவனித்தவர். கருணாநிதிக்கு 51,290, ஹண்டேவுக்கு 50,591. இன்னும் 350 பேர் மாற்றி வாக்களித்திருந்தால், "தோல்வியே காணாதவர்" என்ற சொல் 1980-லேயே முடிவுக்கு வந்திருக்கும்.

தொகுதி மாறியதற்கு ஒரே காரணம் இல்லை என்பதையும் உங்கள் கட்டுரையில் குறிப்பிடுங்கள். 1957-இல் தி.மு.க. முதன்முறையாகத் தேர்தலில் இறங்கியபோது அங்கீகாரம் பெற்ற கட்சியாகவே இல்லை. ஆகவே அதன் வேட்பாளர்கள் சுயேச்சைகளாகக் கருதப்பட்டார்கள். திருவாரூர்ப் பக்கத்து இளைஞரான அவர் அப்போதைய திருச்சி மாவட்டத்தின் குளித்தலையில் நின்றது கட்சியின் ஏற்பாடு. வென்றதும் பேரவையில் தம் முதல் உரையில் அவர் எடுத்துப் பேசியது நங்கவரம் விவசாயிகளின் பிரச்சினையை. 1962-இல் குளித்தலையை விட்டுத் தஞ்சாவூருக்குச் சென்று, செல்வாக்கு மிகுந்த காங்கிரஸ்காரரான பரிசுத்த நாடாரை எதிர்த்து நின்றதைப் பாதுகாப்பான இடம் தேடிப் போனதாக என்னால் ஏற்க முடியாது. அது அண்ணாவே காஞ்சிபுரத்தில் தோற்ற தேர்தல்.

பதில் 2: குறிப்பேடு

பழைய வாக்காளர் ஐயா சொன்னவற்றோடு பெரும்பாலும் உடன்படுகிறேன். ஆனால் வெறும் வாக்கு வித்தியாசத்தை வைத்து ஒரு தேர்தலை இன்னொரு தேர்தலோடு ஒப்பிடும்போது எச்சரிக்கை தேவை. சேப்பாக்கத்தின் 35,784 சிறியதாகவும் திருவாரூரின் 68,366 ஏறத்தாழ இரு மடங்காகவும் தெரிகின்றன. உண்மையில் 1996-இல் அவருக்குக் கிடைத்தவை 46,097, இரண்டாம் இடம் வந்தவருக்கு 10,313. இருவருக்கும் விழுந்த வாக்குகளை மட்டும் கூட்டினால் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் அவருக்கு. 2016 திருவாரூரில் அவருக்கு 1,21,473, எதிர்த்தவருக்கு 53,107. அங்கே நூற்றுக்கு எழுபதைக்கூடத் தொடவில்லை. வாக்கு விகிதப்படி 1996 சேப்பாக்கம்தான் பெரிய வெற்றி.

இந்தத் தோற்ற மயக்கம் வந்ததற்குக் காரணம் தொகுதிகளின் அளவு. 1970-களில் வரையப்பட்ட எல்லைகளே 2006 தேர்தல் வரை நடைமுறையில் இருந்தன. இடைப்பட்ட காலத்தில் சென்னை புறநகரை நோக்கி வளர்ந்தது. வில்லிவாக்கம் போன்ற தொகுதிகளில் வாக்காளர் எண்ணிக்கை பெருகிக்கொண்டே போக, சேப்பாக்கம், துறைமுகம் போன்ற பழைய நகரத் தொகுதிகள் மிகச் சிறியவையாகவே நின்றுவிட்டன. முதலமைச்சராக இருந்த ஒருவர் 2001-இல் முப்பதாயிரத்துக்கும் குறைவான வாக்குகளில் வென்றதை இப்படித்தான் புரிந்துகொள்ள வேண்டும். பிறகு 2008-இல் தொகுதி மறுசீரமைப்பு வந்தது. சேப்பாக்கம் திருவல்லிக்கேணியோடு சேர்ந்து வேறு தொகுதியாயிற்று. அதே மறுசீரமைப்பில்தான், அதுவரை தனித் தொகுதியாக (பட்டியல் சாதியினர் மட்டுமே போட்டியிடக்கூடியதாக) இருந்த திருவாரூர் பொதுத் தொகுதியாக மாறியது. "சொந்த ஊரில் நிற்கத் துணிவில்லாமல் இத்தனை காலம் சென்னையில் இருந்தார்" என்று எழுதுபவர்கள், அத்தனை காலம் அங்கே அவரால் வேட்புமனுத் தாக்கல் செய்ய முடியாது என்பதைக் கவனிக்கத் தவறுகிறார்கள். சட்டம் இடம் கொடுத்தபின் வந்த முதல் சட்டமன்றத் தேர்தலிலேயே அவர் அங்கே போய்விட்டார். அப்போது அவருக்கு வயது 86.

1989 துறைமுகத்தையும் தனியாகப் பாருங்கள். அவருக்கு 41,632, அடுத்து வந்தவருக்கு 9,641. எம்.ஜி.ஆர். மறைவுக்குப் பின் அ.தி.மு.க. ஜெயலலிதா அணி, ஜானகி அணி என இரண்டாகப் பிரிந்திருந்தது. காங்கிரஸ் தனி வழி சென்றது. மாநிலம் முழுவதும் எதிர்வாக்குகள் சிதறிக் கிடந்த தேர்தலில் கிடைத்த வித்தியாசம் அது. இரண்டே ஆண்டுகளில், ராஜீவ் காந்தி படுகொலைக்குப் பின் நடந்த 1991 தேர்தலில், அதே தொகுதியில் 30,932-க்கு 30,042 என்று குறைந்துவிட்டது. மக்கள் அவர்மீது கொண்ட மதிப்பு இரண்டே ஆண்டுகளில் இந்த அளவுக்கு ஏறி இறங்கியது என்று கொள்வதைவிட, எதிரணி பிரிந்திருந்ததும் பிறகு ஒன்றுசேர்ந்ததும்தான் காரணம் என்று கொள்வது பொருந்தும்.

பின்குறிப்பு: வெண்ணாற்றங்கரையான்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. திருவாரூர் தனித் தொகுதியாக இருந்தது என்பதை நான் இதில் பொருத்திப் பார்க்கவே இல்லை. அந்த 60 ஆண்டுக் கணக்கைப் பற்றியும் யாராவது சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில் 3: கோட்டைப் பக்கத்துக்காரி

சகோதரரே, "60 ஆண்டுகள் சட்டமன்ற உறுப்பினர்" என்று எழுத வேண்டாம். முதல் வெற்றிக்கும் மறைவுக்கும் இடையே 61 ஆண்டுகள் என்பது சரி. ஆனால் அந்தக் காலம் முழுவதும் அவர் பேரவையில் இல்லை. 1983 ஆகஸ்டில், இலங்கைத் தமிழர்கள்மீது நடந்த வன்முறையை முன்னிட்டு அவரும் பேராசிரியர் க. அன்பழகனும் தங்கள் உறுப்பினர் பதவிகளை விட்டு விலகினார்கள். 1984 பேரவைத் தேர்தலில் அவர் போட்டியிடவில்லை. அந்த ஆண்டு சட்ட மேலவை உறுப்பினரானார். அந்த மேலவையும் 1986 நவம்பரில் கலைக்கப்பட்டுவிட்டது. ஆக, 1983-இல் பேரவையை விட்டுச் சென்றவர் உறுப்பினராக அங்கே திரும்பியது 1989-இல்தான். 1991-இல் தி.மு.க. சார்பில் பேரவைக்குத் தேர்வானவர்கள் துறைமுகத்தில் அவரும் எழும்பூரில் பரிதி இளம்வழுதியும் மட்டுமே. தோல்விக்குப் பொறுப்பேற்று அவர் உடனே விலகிவிட்டார். அதன்பின் 1996 வரை உறுப்பினர் இல்லை. 1976, 1980 ஆகிய ஆண்டுகளில் ஆட்சி கலைக்கப்பட்டு அடுத்த பேரவை அமையும்வரை இருந்த மாதங்களையும் கழித்தால், அவர் உண்மையில் பேரவை உறுப்பினராக இருந்த காலம் ஐம்பது ஆண்டுகளை ஒட்டி வரும். அதுவே மிக அரிய சாதனை. அதற்கு மேல் பத்து ஆண்டுகளைக் கூட்டிச் சொல்ல வேண்டிய தேவை அவருக்கு இல்லை.

என் பார்வையில், இரண்டு முறை அவராகவே பதவி விலகியிருக்கிறார் என்பது அந்த 13 வெற்றிகள் அளவுக்கே முக்கியமானது. உங்கள் கட்டுரையில் "வென்ற ஆண்டு" என்ற பகுதிக்குப் பக்கத்தில் "உறுப்பினர் பதவி எப்போது, எதனால் முடிந்தது" என்பதையும் எழுதினால், வாசகருக்கு 1976 கலைப்பு, 1983 விலகல், 1991 கலைப்பு, அதே ஆண்டின் விலகல் எல்லாம் தாமாகவே கண்ணில் படும். பேரவையில் ஒரு தலைவர் இருந்த நாட்களைப் போலவே இல்லாத நாட்களும் அரசியல் வரலாறுதான்.

பதில் 4: மலையாற்றூர் வழிப்போக்கர்

நான் பல ஆண்டுகளாகக் கேரளத்தில் வசிப்பதால் ஒரே ஒரு ஒப்பீட்டைச் சேர்க்கிறேன். உம்மன் சாண்டி 1970 முதல் 2021 வரை 12 தேர்தல்களிலும் புதுப்பள்ளி என்ற ஒரே தொகுதியில் வென்றார். கே. எம். மாணி பாலாத் தொகுதியில் 13 முறை வென்றார். அதில் 1965-ஆம் ஆண்டுத் தேர்தலும் அடங்கும். அந்தத் தேர்தலில் எந்தக் கட்சிக்கும் பெரும்பான்மை கிடைக்காமல் பேரவையே கூட்டப்படவில்லை. எனவே மாணியின் வெற்றி 13, அவர் உறுப்பினராக அமர்ந்த பேரவைகள் 12. கருணாநிதியோடு மாணியை ஒப்பிட்டு "இருவருக்கும் 13" என்று எழுதும் கட்டுரைகள் இதைக் கவனிக்காமல் போகின்றன.

ஒரே தொகுதியில் அரை நூற்றாண்டு நிலைப்பது ஒரு வகைத் திறமை. அதற்கு ஒவ்வொரு வீட்டுத் திருமணத்துக்கும் இறப்புக்கும் போக வேண்டும், உம்மன் சாண்டி போனார். ஏழு தொகுதிகளில், அவற்றில் பலவற்றில் புதிய முகமாக நின்று வெல்வது வேறு வகைத் திறமை. தமிழ்நாட்டில் இது கருணாநிதிக்கு மட்டும் உரியதும் அன்று. எம்.ஜி.ஆரும் பரங்கிமலை, அருப்புக்கோட்டை, மதுரை மேற்கு, ஆண்டிபட்டி என்று மாறியவர்தான், அவரும் தோற்றதில்லை. மறுபுறம், சொந்த ஊரிலேயே நின்ற காமராசர் 1967-இல் விருதுநகரில் தோற்றார். தொகுதி மாறுவதைத் துணிவின்மை என்றோ, மாறாமல் இருப்பதைப் பெருமை என்றோ பொதுவாகச் சொல்லிவிட இந்த மாநிலத்தின் தேர்தல் வரலாறு இடம் தரவில்லை.

பதில் 5: பழைய வாக்காளர்

கோட்டைப் பக்கத்துக்காரி அம்மா சொன்னபடியே எழுதுங்கள், அதுதான் சரி. நான் விட்ட ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். 1980, 1991, 2001 ஆகிய மூன்று தேர்தல்களிலும் தி.மு.க. தோற்றது. அந்த மூன்றிலும் சென்னையில் அவருடைய வாக்கு வித்தியாசமும் சுருங்கியது. 2011-இலும் கட்சி 23 இடங்களோடு படுதோல்வி அடைந்து, எதிர்க்கட்சித் தகுதியைக்கூட தே.மு.தி.க.விடம் இழந்தது. ஆனால் திருவாரூரில் அவருக்கு 1,09,014 வாக்குகள் விழுந்தன. எதிர்த்தவருக்கு 58,765. மாநிலத்தில் அடித்த காற்று சென்னைத் தொகுதிகளில் அந்த மூன்று முறையும் அவரைத் தொட்டது, திருவாரூரில் தொடவில்லை. அவர் மறைந்த பின் 2019-இல் நடந்த இடைத்தேர்தலிலும் அந்தத் தொகுதியைத் தி.மு.க.வே தக்கவைத்துக்கொண்டது.