எதிர்பாராமல் முந்திவரும் குளிர்: காய்த்து நிற்கும் செடிகளை என்ன செய்வது?

பந்தல்நிழல் (கேள்வி):

இலையுதிர் காலம் இப்போதுதான் தொடங்கியிருக்கிறது. அதற்குள் நாளை இரவு வெப்பநிலை 2 டிகிரி செல்சியஸ் வரை இறங்கும் என்றும், வானம் தெளிவாக இருக்கும் என்றும் முன்னறிவிப்பு வந்துள்ளது. இத்தகைய குளிர் வருவதற்கு வழக்கமாக இன்னும் சில வாரங்கள் ஆகும் என்பதால், தக்காளியில் பெரும்பகுதி பச்சைக் காயாகவே நிற்கிறது. வெள்ளரியும் பீன்ஸும் காய்த்துக்கொண்டிருக்கின்றன. பூசணி முற்றும் தறுவாயில் உள்ளது. தனிப் பாத்தியில் கேரட்டும் பாலக் கீரையும் இருக்கின்றன. 2 டிகிரி என்பது உறைநிலைக்கு மேல்தானே, அப்படியே விட்டுவிடலாமா, அல்லது எல்லாவற்றையும் இன்றே பறித்துவிட வேண்டுமா? அந்த ஓர் இரவுக்குப் பிறகு மீண்டும் இதமான வானிலைதான் என்று சொல்கிறார்கள். அதனால்தான் பறிக்க மனம் வரவில்லை.

மண்வாசனை:

2 டிகிரி என்ற எண்ணை நம்பி விட்டுவிட வேண்டாம். வானிலை நிலையங்களில் வெப்பமானி தரையிலிருந்து ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் உயரத்தில், கூண்டுக்குள் இருக்கும். மேகமும் காற்றும் இல்லாத இரவில் இலைகள் தம் வெப்பத்தை வானை நோக்கி நேரடியாக இழப்பதால், சுற்றியுள்ள காற்றைவிட அவை மேலும் சில டிகிரி குளிர்ந்துவிடும். முன்னறிவிப்பில் 2 அல்லது 3 டிகிரி என்று இருந்தாலும் விடியலில் இலைமேல் உறைபனி படிந்திருப்பது இதனால்தான். மாறாக, வானம் மேகமூட்டமாக இருந்தாலோ லேசான காற்று விடாமல் வீசிக்கொண்டிருந்தாலோ இதே 2 டிகிரியில் ஒன்றும் ஆகாமல் போகலாம். குளிர்ந்த காற்று கனமானது, தண்ணீரைப் போலவே பள்ளம் நோக்கிப் பாயும். ஆகவே தோட்டத்தின் தாழ்ந்த மூலையில் இருக்கும் செடிகளை முதலில் கவனியுங்கள். வீட்டுச் சுவரை ஒட்டிய செடிகளுக்கு அபாயம் குறைவு.

கீரைப்பாத்தி:

எல்லாவற்றையும் பறிக்க வேண்டிய தேவையில்லை. கேரட்டையும் பாலக் கீரையையும் தொடவே வேண்டாம். லேசான உறைபனியை இரண்டும் தாங்கும், குளிரில் அவற்றில் சர்க்கரை கூடுவதால் சுவையும் மேம்படும். வெள்ளரியும் பீன்ஸும் உறைபனிக்குப் பிழைக்காதவை. பறிக்கும் பருவத்தில் இருப்பதை எல்லாம் இன்று மாலைக்குள் பறித்துவிடுங்கள். பூசணித் தோலில் நகத்தை அழுத்திப் பாருங்கள். நகம் இறங்காவிட்டால் காய் முற்றிவிட்டது, சில அங்குலக் காம்போடு வெட்டி எடுக்கலாம். உறைபனி பட்ட பூசணி நெடுநாள் தாங்காது.

தக்காளியில்தான் யோசனை தேவை. முழு அளவுக்கு வளர்ந்து, பச்சை வெளிறி, மினுமினுப்பு ஏறிய காய்கள் வீட்டுக்குள் பழுக்கும். சிறியதாகவும் கரும்பச்சையாகவும் இருப்பவை பழுக்கமாட்டா, சமையலுக்குத்தான் ஆகும். ஐயமிருந்தால் ஒரு காயைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள்: விதைகளைச் சுற்றிக் கூழ் திரண்டிருந்து, கத்தி படும்போது விதைகள் அறுபடாமல் நழுவினால், அதே பருவத்துக் காய்கள் அனைத்தும் பழுக்கும். பழுக்க வெளிச்சம் தேவையில்லை, 18 முதல் 21 டிகிரி வெப்பம் போதும். அருகில் ஒரு கனிந்த வாழைப்பழத்தை வைத்தால் அதிலிருந்து வரும் எத்திலீன் வாயு வேலையை விரைவுபடுத்தும். குளிர்பதனப் பெட்டியில் மட்டும் வைக்காதீர்கள். 10 டிகிரிக்குக் கீழே சில நாட்கள் இருந்த பச்சைக் காய் பிறகு சரியாகப் பழுக்காது.

மீதமுள்ள காய்களோடு செடியைப் போர்வையால் மூடிவிடுங்கள். பாத்தியில் வைக்கோலையும் தடிமனாகப் பரப்பலாம்.

மண்வாசனை:

வைக்கோலைப் பற்றி மட்டும் எனக்கு மாற்றுக்கருத்து உண்டு. கேரட் பாத்திக்கு அது பின்னால் உதவும். ஆனால் தக்காளியின் அடியில் நாளை இரவு அது எதிராகவே வேலை செய்யும். பகலில் மண் வாங்கிய வெப்பம் இரவில் மேலே வந்தால்தான் போர்வைக்குள் கதகதப்பு இருக்கும்; வைக்கோல் அதைத் தடுத்துவிடும். இருக்கிற மூடாக்கையும் விலக்கி, காலையிலேயே மண்ணை நன்றாக நனையுங்கள், ஏனெனில் காய்ந்த மண்ணைவிட ஈரமண் அதிக வெப்பத்தைச் சேர்த்து வைக்கும். போர்வை எல்லாப் பக்கமும் தரையைத் தொட வேண்டும். செடியின் தலையில் போட்டுத் தண்டோடு இறுக்கிக் கட்டுவதைப் பலரும் செய்கிறார்கள், அப்படிக் கட்டினால் மண்ணின் வெப்பம் முழுவதும் வெளியே போய்விடும். பிளாஸ்டிக் தாளைத் தவிர வேறில்லை என்றால், அது இலையில் படாதபடி குச்சிகளை நட்டு விரியுங்கள். விடிந்து வெயில் ஏறியதும் மூடியதை எடுத்துவிடுங்கள்.

பந்தல்நிழல்:

இருவருக்கும் நன்றி. வெள்ளரி இலைகள் கறுத்துத் துவண்டுவிட்டன. போர்வைக்குள் இருந்த தக்காளி பிழைத்தது. துணியைத் தொட்டுக்கொண்டிருந்த நுனிகள் மட்டும் கருகியுள்ளன. அவற்றை உடனே வெட்டலாமா? பக்கத்தில் இருக்கும் ரோஜாவின் இளந்தளிர்களும் கருகிவிட்டன.

கீரைப்பாத்தி:

தக்காளியில் கருகியதை வெட்டிவிடுங்கள், பூக்களையும் கிள்ளிவிடுங்கள். இனிப் பூப்பது காயாக முற்றக் காலம் போதாது. கண்ணாடி போன்ற நீர்க்கோத்த திட்டு உள்ள காய்களைப் பழுக்க வைக்க வேண்டாம், அழுகி மற்றவற்றையும் கெடுக்கும். ரோஜாவை இப்போது வெட்டவோ அதற்கு உரமிடவோ வேண்டாம். இரண்டும் புதுத் தளிரைத் தூண்டும், அடுத்த குளிர் அதைத்தான் முதலில் தாக்கும். குளிர்காலம் முடிந்து மொட்டுகள் பருக்கும்போது, உயிருள்ள பகுதி எதுவரை என்று பார்த்துக் கவாத்து செய்யலாம்.