ஐடிஐ முடித்தவருக்கு ஜெர்மனியா, கனடாவா? சுவிஸ் பற்றியும் சில விவரங்கள்

கேள்வி

தம்பிக்கு 23 வயது. பிளஸ் டூ படித்து, அதன் பிறகு ஐடிஐ ஃபிட்டர் முடித்திருக்கிறான். ஜெர்மனியில் அவுஸ்பில்டுங் சீட் வாங்கித் தருவதாக ஒரு ஏஜென்ட் நான்கு லட்சம் கேட்கிறார். கனடா போனால் எலக்ட்ரீஷியன் ஆகிவிடலாம் என்றும் சொல்கிறார்கள். சம்பளத்தைப் பார்த்து முடிவு செய்யலாமா?

பதில்: ஜெர்மனி

சம்பளத்தை அப்புறம் பார்க்கலாம், முதலில் அந்த நான்கு லட்சத்தைப் பேசுவோம். அவுஸ்பில்டுங் கல்லூரி சீட் அல்ல. ஒரு கம்பெனியோடு போடும் பயிற்சி ஒப்பந்தம். தொழிற்பள்ளிக்கு வாரம் ஓரிரு நாளோ, சில வாரங்கள் சேர்ந்தாற்போலவோ போவார்கள். மீதி நாட்கள் பட்டறையில். ஒப்பந்தம் கையில் இருந்தால் பள்ளி தானாக வரும். பள்ளியை வைத்து ஒப்பந்தம் வராது.

அங்கே தொழிற்பயிற்சிச் சட்டத்தின் 12ஆம் பிரிவு தெளிவாக இருக்கிறது: பயிற்சிக்காகப் பயிற்சி பெறுபவர் பணம் கட்ட வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதினால் அந்த ஷரத்து செல்லாது. ‘முடித்த பிறகு இங்கேயே வேலை பார்ப்பேன்’ என்ற பாண்டும் பயிற்சியின் கடைசி ஆறு மாதத்தில் எழுதப்பட்டால்தான் செல்லும். கருவிகள், பயிற்சிப் பொருட்கள் எல்லாம் கம்பெனி செலவு. மொழி வகுப்புக்கும் விசா பேப்பர் வேலைக்கும் ஏஜென்ட் கட்டணம் கேட்பது வேறு. சீட்டுக்கு என்று கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். முழுக்கப் பள்ளியிலேயே நடக்கும் சில பயிற்சிகளுக்கு மட்டும் கட்டணம் உண்டு; ஃபிட்டர் வேலை அந்த வகையில் வராது.

வரிசை இப்படி: முதலில் ஜெர்மன் மொழி. விசாவுக்கு பொதுவாக பி1 என்ற நடுத்தர மொழி நிலை கேட்பார்கள். ஆனால் தொழிற்பள்ளியில் பாடமும் பரீட்சையும் ஜெர்மனில்தான், பி1 மட்டும் வைத்துக்கொண்டு போனால் முதல் வருடமே திணறும். பி2 வரை ஊரிலேயே முடிப்பது நல்லது. பயிற்சி ஆகஸ்ட் அல்லது செப்டம்பரில் தொடங்கும். பெரிய கம்பெனிகள் முந்தைய வருடமே ஆள் எடுத்துவிடுவார்கள். மார்ச்சில் விண்ணப்பித்துவிட்டு அதே செப்டம்பரை நம்பினால் விசா நேரத்துக்கு வராது. வேலைவாய்ப்பு அலுவலகத்தின் இணையதளத்திலும், தொழில் வர்த்தக சபைகளின் தளத்திலும் இடங்கள் இலவசமாகவே கிடக்கின்றன. ஒப்பந்தம் கிடைத்ததும், அது அந்தச் சபையில் பதிவாகியிருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். அதன் பிறகுதான் வதிவிடச் சட்டத்தின் 16ஏ பிரிவில் விசா.

நேரில் போய்த் தேடவும் வழி இருக்கிறது. அதே வதிவிடச் சட்டத்தின் 17ஆம் பிரிவில் 35 வயதுக்குக் கீழே, பி1, உயர்கல்விக்குத் தகுதி தரும் பள்ளிச் சான்று இருந்தால் ஒன்பது மாதம் வரை தங்கித் தேடலாம். தம்பிக்கு பிளஸ் டூ இருப்பது இங்கே உதவும். பத்தாம் வகுப்போடு ஐடிஐ போனவர்களுக்கு இந்தக் கதவு திறக்காது.

உதவித்தொகைக்குச் சட்டப்படி ஒரு குறைந்தபட்சம் உண்டு. 2025இல் தொடங்கியவர்களுக்கு மாதம் முதல் வருடம் 682 யூரோ, இரண்டாம் வருடம் 805, மூன்றாம் வருடம் 921. உலோகத் தொழில், நர்சிங் போன்றவற்றில் தொழிற்சங்கத்தோடு போட்ட கூட்டு ஒப்பந்தப்படி இதைவிட நன்றாகவே தருவார்கள். குறைந்தபட்சம் மட்டும் தரும் சிறு கம்பெனி என்றால், வாழ்க்கைச் செலவுக்குக் குறையும் தொகையைத் தூதரகத்தில் பிளாக்டு அக்கவுண்ட் (மாதம் குறிப்பிட்ட தொகை மட்டுமே எடுக்கக்கூடிய வங்கிக் கணக்கு) மூலம் காட்ட வேண்டிவரும். வாரம் 20 மணி நேரம் பக்க வேலை செய்ய அனுமதி உண்டு. ஆனால் பட்டறை நேரத்தோடு கூட்டிப் பாருங்கள். படிக்க நேரம் மிஞ்சாது.

ஃபிட்டருக்கு நெருங்கிய தொழில் இண்டஸ்ட்ரி மெக்கானிக்கர், மூன்றரை வருடம். இறுதித் தேர்வு இரண்டு பகுதி. மொத்த மதிப்பெண்ணில் 40 சதவீதம் முதல் பகுதிக்கு. இடையில் வரும் சின்னப் பரீட்சை என்று நினைத்து அதை விட்டுவிடுபவர்கள்தான் கடைசியில் மாட்டுகிறார்கள். தேறாவிட்டால் இரண்டு முறை திரும்ப எழுதலாம், கேட்டால் ஒப்பந்தமும் அதிகபட்சம் ஒரு வருடம் நீளும்.

எல்லோரும் அலட்சியம் செய்வது பெரிஷ்ட்ஸ்ஹெஃப்ட் என்ற பயிற்சிக் குறிப்பேடு. அது முழுமையாக, கையெழுத்தோடு இல்லாவிட்டால் தேர்வுக்கே உட்கார விடமாட்டார்கள். ‘டிரில்லிங் வேலை செய்தேன்’ என்று எழுதினால் போதாது. ‘எம்8 மரைக்கு 6.8 மில்லி துளை போட்டு, விளிம்பு நீக்கி, டேப் போட்டேன். 3 மணி நேரம்’ என்று வேலையும் அளவும் தெரிய எழுத வேண்டும். வேலை நேரத்திலேயே எழுத விடுவது கம்பெனியின் கடமை. ஆறு மாதம் சேர்த்து வைத்து ஒரே ராத்திரியில் எழுதினால் மாஸ்டருக்குத் தெரிந்துவிடும்.

தகுதிகாண் காலம் ஒன்று முதல் நான்கு மாதம். அதற்குள் காரணம் சொல்லாமலே நிறுத்தலாம். உங்கள் தவறில்லாமல் பயிற்சி நின்றால், வேறு இடம் தேட ஆறு மாதம் வரை அவகாசம் தர வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. பயந்து ஊருக்கு டிக்கெட் போட வேண்டாம், வெளிநாட்டவர் அலுவலகத்துக்கு உடனே எழுதுங்கள். முடித்து வேலையில் சேர்ந்தால் இரண்டு வருடத்தில் நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பிக்கலாம். என் கணக்கில் ஜெர்மனியின் உண்மையான லாபம் இதுதான், 682 யூரோ அல்ல.

தம்பி ஐடிஐக்குப் பிறகு சில வருடம் வேலையும் பார்த்திருந்தால், முதலிலிருந்து தொடங்குவதற்கு முன் வெளிநாட்டுத் தொழில் சான்றுகளை மதிப்பிடும், நியூரம்பர்க்கில் உள்ள ஐஹெச்கே ஃபோசா அலுவலகத்தில் தகுதிச் சமநிலை கேட்டுப் பாருங்கள். பாதி அங்கீகாரம் வந்தாலும் விடுபட்டதை மட்டும் படித்து முடிக்கலாம்.

பதில்: சுவிஸ்

இது ஊரில இருந்து லேர் (தொழிற்பயிற்சி) செய்ய வர நினைக்கிறவைக்கு இல்லை. ஐரோப்பாவுக்கு வெளியில இருந்து அதுக்காக விசா எடுக்கிறது நடைமுறையில சரிவராது. குடும்ப இணைவில வந்த பிள்ளையளுக்கும், எஃப் அனுமதி (தற்காலிகமா ஏற்கப்பட்டவைக்குக் குடுக்கிறது) வச்சிருக்கிறவைக்கும்தான் சொல்லுறன்.

ரெண்டு வருசம் படிச்சா இபிஏ எண்ட அடிப்படைத் தொழிற்சான்று, மூண்டு அல்லது நாலு வருசம் படிச்சா இஎஃப்இசட் எண்ட முழுத் தொழிற்சான்று. மொழி தடுமாறுற பிள்ளைக்கு இபிஏயில தொடங்கிறதில வெக்கம் ஒண்டும் இல்லை, பிறகு இஎஃப்இசட்டுக்கு ஏறலாம். லேர் இடம் கிடைக்கிறதுக்கு ஷ்னுப்பர்லேர் எண்ட சில நாள் பரீட்சார்த்த வேலைதான் வழி. மார்க்கை விட, நேரத்துக்கு வந்தவனா, கேள்வி கேட்டவனா எண்டதைத்தான் அங்க பாப்பினம். மொழி போதாதவைக்கு இன்வோல் எண்ட ஒரு வருச ஆயத்தப் பயிற்சி 2018இல இருந்து இருக்கு.

வயது வந்தவை கவனியுங்கோ: அஞ்சு வருச வேலை அனுபவம் இருந்தா, தொழிற்பயிற்சி ஒழுங்குவிதியின்ர 32ஆம் பிரிவில நேரா இறுதிப் பரீட்சைக்குப் போகலாம். அதில எத்தனை வருசம் அதே தொழிலில இருக்கவேணும் எண்டது தொழிலுக்குத் தொழில் மாறும். குசினியில வருசக்கணக்கா நிண்ட எங்கட ஆக்கள் கனபேருக்கு இது தெரியாது. கன்டோன் (மாநில) தொழிற்கல்வி அலுவலகத்தில கேளுங்கோ.

பதில்: ஒன்டாரியோ, கனடா

இங்கே தொழில் கற்பது வருடக் கணக்கில் அல்ல, மணிக் கணக்கில். 309ஏ என்ற தொழில் எண்ணில் வரும் எலக்ட்ரீஷியனுக்கு மொத்தம் 9,000 மணி நேரம். அதில் வகுப்பு 840, மீதி வேலையிடம். பதிவு செய்ய ஒரு ஸ்பான்சர், அதாவது பயிற்சி தரும் முதலாளி, வேண்டும். பெரும் கட்டணம் கட்டி கல்லூரியில் எலக்ட்ரிகல் டிப்ளமா முடித்து வரும் மாணவர்கள் மாட்டுவது இங்கேதான். டிப்ளமா வகுப்புப் பகுதியில் சலுகை வாங்கித் தரலாம். வேலையிட மணி நேரத்தைத் தராது. ஸ்பான்சர் இல்லாமல் எலக்ட்ரீஷியன் ஆக முடியாது. இது உரிமம் இல்லாமல் செய்யக்கூடாத கட்டாயத் தொழில். ஒரு லைசென்ஸ் பெற்றவருக்கு ஒரு பயிற்சி பெறுபவர் என்பதே பொதுவான விகிதம், அதனால் தனியாளாக நடத்துபவர் பொதுவாக ஒருவருக்கு மேல் எடுக்க முடியாது. தேடும்போது எத்தனை ஜர்னிபெர்சன் (லைசென்ஸ் பெற்ற தொழிலாளி) இருக்கிறார்கள் என்று கேளுங்கள்.

மணி நேரத்தை மாதாமாதம் கையெழுத்து வாங்கி வையுங்கள். கம்பெனி மூடிவிட்டால் நிரூபிக்க வேறு வழியில்லை. கடைசித் தேர்வில் தேற 70 சதவீதம் வேண்டும். ரெட் சீல் என்ற தேசிய முத்திரை கிடைத்தால் மற்ற மாகாணங்களிலும் செல்லும்.

ஊரில் ஏற்கனவே வேலை பார்த்தவர்கள் ஸ்கில்டு டிரேட்ஸ் ஒன்டாரியோ என்ற மாகாண அமைப்பில் சமநிலை மதிப்பீட்டுக்கு விண்ணப்பித்து, நேராகத் தேர்வுக்குப் போகலாம். அதற்குத் தேவையான கடிதத்தை விமானம் ஏறுவதற்கு முன்பே வாங்குங்கள்: லெட்டர்ஹெட்டில், சேர்ந்த தேதி, விலகிய தேதி, மொத்த மணி நேரம், செய்த வேலைகள் ஒவ்வொன்றாக. ‘நல்ல ஊழியர், ஒழுக்கமானவர்’ என்று மட்டும் எழுதிய சான்றிதழுக்கு இங்கே மதிப்பில்லை.

பதில்: இங்கிலாந்து பற்றி ஒரு வரி

அப்ரண்டிஸ்ஷிப்புக்கான அரசு நிதி பெரும்பாலான புதியவர்களுக்கு மூன்று வருட வசிப்புக்குப் பிறகுதான். ஸ்டூடண்ட் விசாவில் சேரவே முடியாது. அதைக் காட்டி யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.