போலந்துக்காரன் சிரிப்பு, பிரிட்டிஷ்காரன் சிரிப்பு: படகுப் பயலுகளுக்கு எப்படிச் சொல்லிக் கொடுக்கிறது?

பாம்பன்வாடை:
ராமேஸ்வரம் தீவுல வாடைக்காத்து பிடிக்கிற மாசங்கள்ல கைட் சர்ஃபிங்குக்கு (பட்டம் இழுக்க, பலகையில நின்னு தண்ணி மேல சறுக்குற விளையாட்டு) பிரிட்டிஷ்காரங்களும் வர்றாங்க, போலந்துக்காரங்களும் வர்றாங்க. தங்குறது ஒரே விடுதி, போறது ஒரே படகு. நம்ம பயலுகளுக்கு ரெண்டு பேரும் ‘வெள்ளைக்காரங்க’தான். ஆனா ஒருத்தன் முகத்துல ஈ ஆடாம எதையோ சொல்றான், நக்கலா நெசமான்னு பிடிபட மாட்டேங்குது. இன்னொருத்தன் காலையில இருந்து உம்முன்னு இருக்கான், கோவமான்னு தெரியல. எது கிண்டல்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது, நாம எப்போ திருப்பி ஓட்டலாம், எதைத் தொடவே கூடாது? பயலுகளுக்கு ரெண்டு பக்கம் எழுதிக் கொடுக்கணும். விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

தொண்டித்துறை:
தம்பி, பிரிட்டிஷ்காரன் பக்கத்தை நான் சொல்றேன். மொதல்ல நம்மூரு லந்தை அளவுகோலா வைக்காதீங்க. ‘வாங்க மகராசா, இப்பத்தான் விடிஞ்சுதா’ன்னு நாம இழுக்கிறப்பவே குரல் காட்டிக் கொடுத்துரும். புருவம் ஏறும், பக்கத்துல நிக்கிறவனைப் பார்த்துக் கண்ணடிப்போம். அவன் இதையெல்லாம் வேணும்னே எடுத்துருவான். குரலும் மாறாது, முகமும் மாறாது. கேக்குறவனுக்குப் பிடிபடுதா இல்லையாங்கிறதுதான் அங்க பாதி வேடிக்கை. அதனால குரலைக் கேக்காம நடக்கிறதைப் பாருங்க. மழை கொட்டி பையெல்லாம் ஊறிப்போய்க் கிடக்கு, அவன் ‘லவ்லி வெதர்’ங்கிறான்னா சந்தேகமே வேணாம்.

அடுத்தது குறைச்சுச் சொல்றது. ‘நாட் பேட்’னா நல்லாவே இருக்குன்னு அர்த்தம். ‘கொயட் குட்’ பெரும்பாலும் சுமார்தான். நண்டுக் குழம்பை ஒரு வாய் வச்சுட்டு ‘இன்ட்ரஸ்டிங்’னு நிறுத்திக்கிட்டா மறுநாள் அதை வைக்காதீங்க. இதுல அமெரிக்காக்காரனே ஏமாறுவான், அவன் ஊர்ல ‘கொயட் குட்’ பாராட்டு.

பயலுகள் அதிகம் சறுக்குறது இன்னொரு இடத்துல. நல்லாச் சவாரி செய்யிற ஆளே ‘நான் எதுக்கும் உதவாதவன்’னு தன்னை மட்டம் தட்டிக்குவான். ‘ஆமா சார்’னு தலையாட்டக் கூடாது. ‘அய்யோ, நீங்க ரொம்ப நல்லாப் பண்றீங்க’ன்னு தேத்தவும் கூடாது, அது அவனைக் கூச்சப்பட வைக்கும். ‘எங்க பயலும் மொத வாரம் மணலைத்தான் தின்னான்’னு நம்மளையும் ஒரு படி இறக்கிக்கிட்டா ஆட்டம் தொடரும்.

பழகின அஞ்சாவது நிமிஷமே உங்களை ஓட்டுறான்னா சேத்துக்கிட்டான்னு அர்த்தம். அதே எடைக்கு ஒண்ணு திருப்பிக் கொடுங்க, அதுக்கு மேல வேணாம். அவன் திடீர்னு ரொம்ப மரியாதையாப் பேச ஆரம்பிச்சா அப்பத்தான் எங்கேயோ இடிச்சிருக்குன்னு அர்த்தம்.

உப்பளத்தான்:
போலந்தைப் பற்றி நான். அங்கே சிரிப்புக்குத் தனி வாசல் உண்டு. ‘இந்தக் கவாவ் தெரியுமா?’ என்று கேட்டுவிட்டுத்தான் தொடங்குவார்கள். கவாவ் என்றால் தொடக்கமும் முடிவும் உள்ள துணுக்கு. ஒருவர் சொன்னால் மேசையில் அடுத்தவரும் ஒன்று சொல்ல வேண்டும். நடுவில் ‘இது தெரியும்’ என்று உடைத்துவிட வேண்டாம். பிரிட்டிஷ்காரர்களிடம் இப்படி வரிசையாகத் துணுக்கு சொல்வது குறைவு. அங்கே பேச்சோடு பேச்சாகக் கலந்திருக்கும்.

உம்மென்ற முகம் கோபம் இல்லை. அறியாதவரைப் பார்த்துச் சும்மா சிரிக்கும் வழக்கம் அங்கே குறைவு. சிரிப்பை வைத்தே முட்டாளை அறியலாம் என்று பழமொழியே உண்டு. நம் நீ, நீங்க போல அவர்களுக்கும் மரியாதைப் படி உண்டு: ஆணுக்கு பான், பெண்ணுக்கு பானி. அந்தப் படியைத் தாண்டும்வரை ஆளை ஓட்டினால் அது கிண்டல் ஆகாது, அவமதிப்பு. தாண்டிவிட்டார்கள் என்பதற்கு அடையாளம் பெயர். கதாஜினா தன்னைக் காஷா என்றும், டொமாஷ் தன்னை டொமெக் என்றும் கூப்பிடச் சொன்னால் வாசல் திறந்துவிட்டது.

உள்ளே இருக்கும் சரக்கு கசப்பு. 1795 முதல் 1918 வரை வரைபடத்திலேயே இல்லாத நாடு. பிறகு 1989 வரை கம்யூனிஸ்ட் ஆட்சி, தணிக்கை. 1976இல் சர்க்கரைக்கும் 1981இல் கறிக்கும் கூப்பன் வந்தது. அந்தக் காலத்துத் துணுக்கு ஒன்று: கடைக்குள் வந்தவர், ‘கறி இல்லையா?’ என்கிறார். ‘இங்கே மீன்தான் இல்லை. கறி இல்லாத கடை எதிரே இருக்கு.’ ரேஷன் கடை வாசலில் நின்ற நம்மூர்க்காரருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இதில் உச்சம் வ்ரொத்ஸ்வாஃப் நகரம். 1982இல், ஆட்சிக்கு எதிரான சுவரெழுத்துகளை அதிகாரிகள் பெயின்ட் அடித்து மறைத்தார்கள். அந்தத் திட்டுகளின் மேல் இளவட்டங்கள் குள்ளன் படம் வரைந்தார்கள். 1988 ஜூன் 1 அன்று குள்ளனைப் போல ஆரஞ்சுத் தொப்பி போட்டுக்கொண்டு ஆயிரக்கணக்கானோர் தெருவில் இறங்கினார்கள். குள்ளனைக் கைது செய்தேன் என்று எந்தப் போலீஸ்காரர் எழுதிக் கொடுப்பார்? இன்று அந்த ஊர்த் தெருக்களில் நூற்றுக்கணக்கான குள்ளன் சிலைகள். வந்தவர் அந்த ஊர் என்றால் இதைக் கேளுங்கள், முகம் மலர்ந்துவிடும்.

இன்னொன்று, புலம்பல். நலமா என்று கேட்டால் ‘ஸ்தாரா பியேதா’ என்பார்கள், பழைய தரித்திரம்தான் என்று பொருள். நாம் ‘ஏதோ ஓடுது’ என்பதுபோல. பதறி மன்னிப்புக் கேட்க வேண்டாம், கூடச் சேர்ந்து மின்வெட்டைத் திட்டினால் போதும். ஆனால் ‘வெந்நீர் வரவில்லை’ என்றால் வெந்நீர் வரவில்லை, அவ்வளவுதான். அதே குறையை பிரிட்டிஷ்காரர், ‘சாரி, தப்பு என்மேல்தான் இருக்கும்’ என்று தொடங்குவார். நம்பிவிடாதீர்கள், உடனே ஹீட்டரைப் போய்ப் பாருங்கள்.

வேதாளைக்காரன்:
உப்பளத்தான் அண்ணே, ஒண்ணு சேக்கணும். ‘போலந்துக்காரனுக்கு பிரிட்டிஷ் நக்கல் புரியாது’ன்னு பயலுக நினைச்சுறக் கூடாது. மான்டி பைத்தன்ங்கிற பிரிட்டிஷ் காமெடிக் குழுவுக்குப் போலந்துல பெரிய ரசிகர் கூட்டம் உண்டு. அபத்தம்னா ரெண்டு பேருக்கும் உயிர். 2004ல போலந்து ஐரோப்பிய ஒன்றியத்துல சேந்த பிறகு லட்சக்கணக்குல பிரிட்டனுக்கு வேலைக்குப் போனாங்க. 2021 கணக்கெடுப்புல இங்கிலாந்து, வேல்ஸ்ல போலிஷ்தான் முதன்மை மொழின்னு சொன்னவங்க சுமார் 6,12,000 பேர். அதனால உங்க படகுக்கு வர்ற போலந்துக்காரன் லண்டன்ல குப்பை கொட்டினவனாக்கூட இருக்கலாம்.

மூணு பேர் துணுக்கு ரெண்டு ஊர்லயும் உண்டு, ஆனா அடி விழுற இடம் வேற. பிரிட்டன்ல இங்கிலீஷ்காரன், ஐரிஷ்காரன், ஸ்காட்லாந்துக்காரன்னு வரும், பெரும்பாலும் ஐரிஷ்காரன் தலையில விடியும். போலந்துல ஜெர்மன்காரன், ரஷ்யாக்காரன், போலந்துக்காரன். கடைசியில வர்றது அவங்க ஆளுதான். சாத்தான் மூணு பேரையும் பிடிச்சு, ஆளுக்கு ரெண்டு இரும்புக் குண்டு கொடுத்து, ‘என்னை அசத்துங்க’ன்னு தனித்தனி அறையில பூட்டுறான். மத்தவங்க வித்தை காட்டுறாங்க. போலந்துக்காரன் ஒண்ணைத் தொலைச்சுட்டான், ஒண்ணை உடைச்சுட்டான்! சாத்தான் அசந்து போறான். இதை அவங்க சொன்னா வயிறு குலுங்கச் சிரிங்க. நாம எடுத்துச் சொல்லக் கூடாது, அமெரிக்காவுல போலந்துக்காரனை மக்குன்னு காட்டுற துணுக்குகள் ஒரு காலத்துல ஏராளம், அந்த ரணம் இருக்கு.

தொடக் கூடாதது: போலந்துன்னா ‘ரஷ்யா மாதிரிதானே’ங்கிற பேச்சு, கத்தீன் படுகொலை (1940ல சோவியத்காரங்க ஆயிரக்கணக்கான போலந்து அதிகாரிகளைக் கொன்னது), 1944 வார்சா எழுச்சி (ஜெர்மன் பிடியை எதிர்த்து எழுந்து நசுக்கப்பட்டது), ஜெர்மன்காரன் கட்டின வதைமுகாமைப் ‘போலந்து முகாம்’னு சொல்றது. போலந்துல பிறந்த போப் இரண்டாம் ஜான் பாலை வச்சு அங்கத்து இளசுக மீம் போடுவாங்க, அது அவங்க வீட்டுச் சண்டை. தங்கச்சிமடத்துல எந்த வீட்டுச் சுவத்துலயாவது அவர் படம் இருந்தா பெரியவங்ககிட்ட அதைக் காட்டுங்க, அது போதும். பிரிட்டிஷ் பக்கம்: ஸ்காட்லாந்துக்காரனை இங்கிலீஷ்காரன்னு சொல்லாதீங்க. அவங்க பேச்சு வழக்கை நடிச்சுக் காட்டாதீங்க, அதுல குடும்ப அந்தஸ்து ஒட்டிக்கிட்டு இருக்கு.

பாம்பன்வாடை:
நன்றிண்ணே. ஒரு சந்தேகம். தண்ணிக்குள்ள நிக்கிறப்ப பிரிட்டிஷ்காரன் ‘லிட்டில் பிராப்ளம்’னா நாங்க எப்படி எடுத்துக்கிறது?

தொண்டித்துறை:
அதை நக்கல் கணக்குலயே சேக்காதீங்க. 1982 ஜூன் 24, இந்தோனேசியாவுல எரிமலைச் சாம்பலுக்குள்ள ஒரு பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம் மாட்டுச்சு. கேப்டன் எரிக் மூடி பயணிகளுக்குச் சொன்னது: நமக்கு ஒரு சின்னப் பிரச்சனை, நாலு இன்ஜினும் நின்னு போச்சு. ‘சின்ன’ங்கிற வார்த்தைக்கு அவங்க அகராதியில அளவே கிடையாது. (அப்புறம் இன்ஜின் ஓடி, ஜகார்த்தாவுல பத்திரமா இறங்கிட்டாங்க.) 1951ல கொரியாவுல இம்ஜின் ஆத்துச் சண்டையப்ப, நிலைமை ‘எ பிட் ஸ்டிக்கி’ (கொஞ்சம் சிக்கல்) அப்படின்னு பிரிட்டிஷ் பிரிகேடியர் சொன்னதை அமெரிக்கத் தளபதி சாதாரணமா எடுத்துக்கிட்டதாச் சொல்லுவாங்க. குளோஸ்டர்ஷயர் படைப்பிரிவுல பெரும்பாலானவங்க செத்தாங்க, இல்ல சிறைப்பட்டாங்க.

அதனால ‘ஆர் யூ ஓகே’ன்னு கேக்காதீங்க, எப்பவும் ‘ஃபைன்’னுதான் பதில் வரும். ஆமா இல்லைன்னு பதில் சொல்ற மாதிரிக் கேளுங்க: கை வலிக்குதா, நடுங்குதா, படகுல ஏறுறீங்களா. ‘கொஞ்சம் காத்து’ன்னு அவன் சொன்னா காத்து வேகமானியைப் பாருங்க. 34 ‘நாட்’ (மணிக்கு சுமார் 63 கிலோமீட்டர்) தொட்டா, காத்து வேகத்தைத் தரம் பிரிக்கிற போஃபர்ட் கணக்குல எட்டாம் எண், கடுங்காத்து, அவன் என்ன சொன்னாலும் கரைக்குத்தான்.

உப்பளத்தான்:
போலந்துக்காரரிடம் இதற்கு நேரெதிர் பொறி ஒன்று. அவர்கள் பேச்சில் ‘நோ’ என்றால் ‘ஆமாம்’. தங்களுக்குள் ‘நோ, நோ’ என்று தலையாட்டுவது சம்மதம். அவசரத்தில் ஆங்கிலத்துக்கு நடுவிலும் அது நழுவும். ‘கரைக்குப் போகலாமா?’ என்று கேட்டு ‘நோ’ என்று வந்தால், கட்டைவிரலைக் கரைப் பக்கம் நீட்டி இன்னொரு தடவை கேளுங்கள்.