தீபாவளி போனஸில் வாங்கிய பிஎஸ் 4, இரண்டே வாரத்தில் வந்த புரோ

நொய்யல்கரை (திருப்பூர்):
2016 தீபாவளிக்கு முந்தைய நாள். பனியன் கம்பெனி போனஸ் கவரைப் பிரிக்காமல் அப்படியே எடுத்துக்கொண்டு காந்திபுரத்துக்குப் பஸ் ஏறினேன். சாதாரண பிஎஸ் 4, அதாவது சோனியின் பிளேஸ்டேஷன் 4 விளையாட்டுப் பெட்டி. கடைக்காரர் பெட்டிக்குச் சணல் கயிறு கட்டி, மிச்சத்தைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, "நல்ல நேரத்தில் வாங்குகிறீர்கள் தம்பி" என்றார். நவம்பர் 10 அன்று அமெரிக்காவில் அதே பெட்டியின் பலம் கூடிய வடிவமான புரோ விற்பனைக்கு வந்தது. செப்டம்பரிலேயே அறிவித்திருந்தார்கள் என்பது எனக்கு அதன் பிறகுதான் தெரியும். கடை வைத்திருப்பவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? படக்காட்சியைக் கணக்கிடும் வேகத்தில் என்னுடையது 1.84 டெராஃப்ளாப், அது 4.2. எண்கள்கூடப் போகட்டும், அந்த 'நல்ல நேரம்' இன்றுவரை உறுத்துகிறது. உங்களில் யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

தறிச்சத்தம் (சோமனூர்):
கடைக்காரர் மேல் பழி போடாதீர்கள். அன்றைக்கு உங்கள் வீட்டில் மிக நுணுக்கமான படம் காட்டும் 4கே டிவி இருந்ததா? புரோவின் கூடுதல் பலத்தில் பெரும்பகுதி அந்தத் திரைக்கானது.

என் கதை சின்னது. வீட்டோடு விசைத்தறி. 2018இல் ஒரு நாள் பிஎஸ் 4 விசிறியின் இரைச்சல் தறியையே மிஞ்சியது. பெட்டியைக் கழற்றினால், வெப்பத்தை இறக்கும் தகடுகளுக்கு நடுவில் பஞ்சு கம்பளி போலப் படிந்திருந்தது. இடுக்கியால் இழுத்தேன், தகடுகளின் வரி பதிந்தபடியே ஒரே துண்டாக வந்தது. அப்பா அதை விரலில் உருட்டிப் பார்த்து, "நம் தறிப் பஞ்சுதான்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

இனி வாங்கப் போகிறவர்களுக்கு: வெளியான ஆண்டிலிருந்து எண்ணுங்கள். பிஎஸ் 4 வந்தது 2013 நவம்பரில், புரோ 2016 நவம்பரில். மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் ஒன் 2013 நவம்பர், அதன் பலம் கூடிய ஒன் எக்ஸ் 2017 நவம்பர். பிஎஸ் 5 வந்தது 2020 நவம்பரில், அதன் புரோ 2024 நவம்பரில். மூன்றாவது ஆண்டு பிறந்துவிட்டால் பொறுத்திருங்கள்; அவசரம் என்றால் முதல் ஆண்டிலேயே வாங்கி முழுக்க அனுபவியுங்கள். ஏற்கெனவே பழையது வைத்திருப்பவர்கள் கலங்க வேண்டாம். புரோவில் மட்டும் ஓடும் விளையாட்டு என்று பிஎஸ் 4 காலத்தில் சோனி எதையும் விடவில்லை. 2022 நவம்பரில் வந்த காட் ஆஃப் வார் ரக்னராக் விளையாட்டு 2013ஆம் ஆண்டுப் பெட்டியிலும் ஓடியது. நிண்டெண்டோதான் தன் கையடக்கப் பெட்டியான 3டிஎஸ்ஸின் புது வடிவம் நியூ 3டிஎஸ்ஸில் இந்த வழக்கத்தை மீறியது. ஜெனோபிளேட் குரோனிக்கிள்ஸ் 3டி என்ற விளையாட்டு பழைய 3டிஎஸ்ஸில் ஓடாது. பெட்டியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். துணி போட்டு மூடாதீர்கள். தறி வீடு என்றால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை சுத்தம் செய்யுங்கள்.

பேரூர்ப் படித்துறை (கோவை):
இந்தக் கணக்கெல்லாம் சரி, பெட்டி நம் ஊருக்கு வர வேண்டாமா? பிஎஸ் 5 புரோ வெளியானபோது இந்தியாவில் விற்கவில்லை. அதிலுள்ள வைஃபை 7 பயன்படுத்தும் 6 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு அப்போது இங்கே அனுமதி இல்லை. மச்சான் சிங்கப்பூரிலிருந்து வாங்கி வந்தார். பையன் பிரித்து வைத்துவிட்டு, பழைய டிஸ்க் ஒன்றை இரண்டு விரலில் பிடித்தபடி பெட்டியின் விளிம்பைத் தடவித் தடவித் தேடினான். முன்னால், பக்கத்தில், பின்னால். டிஸ்க் போடும் வாயே இல்லை. அதைத் தனியாக வாங்க வேண்டும். "அப்பா, இதை எங்கே போடுவது?" அலமாரியில் நாற்பது டிஸ்க் இருந்தது. மச்சான் தலையைத் தூக்கவில்லை.

தடப்பள்ளி வாய்க்கால் (கோபி):
தறிச்சத்தம் அண்ணா, மூன்றாவது ஆண்டு, நான்காவது ஆண்டு என்று காத்திருக்கச் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். பிஎஸ் 2 ஜப்பானில் 2000 மார்ச்சில் வந்தது. 2013 தொடக்கம் வரை தயாரித்தார்கள். நடுவில் 2004இல் வந்த ஒல்லிப் பெட்டியில் உருவம்தான் சிறுத்தது, விளையாட்டுகள் அதேதான். தடிப் பெட்டி வைத்திருந்தவன் யாரும் ஏமாந்ததாக நினைக்கவில்லை.

என்னுடையது ஒல்லிப் பெட்டி. ஒரு ஆயுத பூஜைக்கு அமுச்சி (என் பாட்டி) அரிவாள், மண்வெட்டி, மோட்டார் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துவிட்டு, "இதுவும் கருவிதானே கண்ணு" என்று அதற்கும் சந்தனம் குங்குமம் வைத்தார். பிறகு பிஎஸ் 3 ஆசையில் அதை ஈரோட்டில் ஒரு கடையில் மாற்றுக்குக் கொடுத்தேன். விலை சொல்வதற்கு முன் கடைப் பையன் அந்தப் பொட்டை நகத்தால் சுரண்டினான். மேசையில் மஞ்சள் தூள் உதிர்ந்தது. பெட்டியை எடுத்துக்கொண்டு திரும்பியிருக்க வேண்டும். திரும்பவில்லை. அமுச்சி அதற்குப் பிறகு ஒரே ஒரு முறைதான் கேட்டார், "அந்தக் கறுப்புப் பெட்டி எங்கே கண்ணு?" என்று.

நொய்யல்கரை (திருப்பூர்):
தறிச்சத்தம் அண்ணா, உண்மைதான், அன்று 4கே டிவி இல்லை. 2021இல்தான் வாங்கினோம். கடைக்காரரைப் பற்றி நான் நினைப்பது மட்டும் மாறவில்லை. தெரிந்தவர் சொல்லியிருக்க வேண்டும். பெட்டி இன்னும் ஓடுகிறது, ஆனால் இரைச்சல் கூடிவிட்டது. பஞ்சாகத்தான் இருக்கும், எங்கள் வீட்டுக்கு அடுத்த கட்டடமே நிட்டிங் கம்பெனி. அதைக் கழற்ற எந்த ஸ்க்ரூடிரைவர் வேண்டும்?

தறிச்சத்தம் (சோமனூர்):
நட்சத்திர முனை, நடுவில் துளை உள்ளது. ஞாயிற்றுக்கிழமை சோமனூர் பக்கம் வந்தால் என்னிடமே இருக்கிறது.