நெப்ராஸ்காவின் கடைசிப் பாட்டு: நம்பிக்கையா, நையாண்டியா?

(இசை ரசிகர்கள் இணையத்தில் நடத்திய உரையாடல். ஒவ்வொரு பதிவுக்கும் மேலே எழுதியவரின் புனைபெயர்.)

கேசட்காரன்

அமெரிக்கப் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் 1982இல் வெளியிட்ட நெப்ராஸ்கா என்ன மாதிரி ஆல்பம் என்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

நியூஜெர்சியில் என்னோடு கிடங்கில் வேலை பார்த்த ஒரு பெரியவர். மாவா ஊரில் இருந்த ஃபோர்டு ஆலையை 1980இல் மூடியபோது வேலை இழந்தவர். "ஜானி 99 என் கதைதான். நான் யாரையும் சுடவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்" என்பார். அந்தப் பாட்டில் வருகிறவன் அதே ஆலை மூடி வேலை போனதும், குடித்துவிட்டு ஒருவனைச் சுட்டுவிடுகிறான். மதியச் சாப்பாட்டு நேரம் முழுக்க இந்த ஆல்பம்தான் பேச்சு. கடைசிப் பாட்டான 'ரீசன் டு பிலீவ்' பத்துப் பாட்டிலும் இருட்டானது என்பது எங்கள் இருவர் முடிவு. சாலையோரம் செத்த நாயைக் குச்சியால் குத்திக்கொண்டே நிற்கிறானே ஒருவன், அவனைச் சொல்லி, "நாய் எழுந்திருக்காது தம்பி" என்று சிரிப்பார்.

அவர் இறந்தபோது அஞ்சலியில் கடைசியாக அந்தப் பாட்டைத்தான் போட்டார்கள். நிகழ்ச்சித் தாளில் தலைப்பையும் அச்சடித்திருந்தார்கள். பாட்டு ஓடும்போதே அவர் மனைவி என் பக்கம் குனிந்து, "இதைப் பற்றி நீங்கள் இரண்டு பேரும் நிறையப் பேசுவீர்களாமே, நம்பிக்கை கொடுக்கிற பாட்டுதானே இது?" என்று கேட்டார்.

"ஆமாம்" என்றேன்.

ஆறு வருஷம் ஆகிறது. அந்த 'ஆமாம்' இன்னும் தொண்டையிலேயே நிற்கிறது.

டர்ன்பைக் ராத்திரி

சாவு வீட்டில் வேறு என்னதான் சொல்வீர்கள்? விடுங்கள்.

என் கதை அதே ஆல்பத்தில் உள்ள 'ஸ்டேட் ட்ரூப்பர்'. ராத்திரியில் கார் ஓட்டுகிறவன், என்னை நிறுத்திவிடாதே என்று போலீஸ்காரரைக் கெஞ்சுகிற பாட்டு. மழை ராத்திரி, நியூஜெர்சி டர்ன்பைக் என்கிற சுங்கச் சாலை, காரில் அதே பாட்டு. பின்னால் சிவப்பு நீல விளக்கு. சத்தியமாகச் சொல்கிறேன், நானாக ஏற்பாடு செய்யவில்லை. கண்ணாடியை இறக்கிய நேரம் பார்த்துத்தான் பாட்டின் முடிவில் ஸ்பிரிங்ஸ்டீன் ஊளையிடுவாரே, அது வருகிறது. போலீஸ்காரர் டார்ச்சை ஸ்பீக்கர் பக்கம் திருப்பினார். பின்விளக்கு ஒன்று எரியவில்லையாம், எச்சரித்துவிட்டுப் போய்விட்டார்.

அதுவரை அந்தப் பாட்டில் ஓட்டுகிறவன் கொலை ஏதோ செய்துவிட்டு வருகிறான் என்றே நினைத்திருந்தேன். அவன் சொல்வது என்ன? லைசன்ஸ் இல்லை, ஆர்.சி. இல்லை, மனசாட்சி மட்டும் சுத்தம். என்னிடம் எல்லாக் காகிதமும் இருந்தது, கைதான் நடுங்கியது. இப்போது தோன்றுவது, அவன் ஒன்றுமே செய்யாதவனாகவும் இருக்கலாம்.

புதிதாக அமெரிக்கா வருகிறவர்களுக்கு ஒன்று. நம் ஊர்ப் பழக்கத்தில் இறங்கிப் போய் "சார்" என்று நிற்காதீர்கள். அங்கே அது ஆபத்து. ஓரமாக நிறுத்தி, எஞ்சினை அணைத்து, உள்விளக்கைப் போடுங்கள். இரண்டு கையும் ஸ்டீயரிங் மேல் தெரிகிற மாதிரி இருக்கட்டும். அவர் கேட்கும் முன்பே டேஷ்போர்டைத் திறந்து துழாவாதீர்கள். எடுக்க வேண்டுமென்றால் "இதிலிருந்து எடுக்கப்போகிறேன்" என்று சொல்லிவிட்டு மெதுவாக எடுங்கள். பக்கத்தில் இருப்பவரும் சும்மா இருக்கட்டும், போனில் பேச வேண்டாம். அங்கேயே நின்று வாதாட வேண்டாம், அதற்குக் கோர்ட்டு இருக்கிறது. அப்புறம், பாட்டை நிறுத்திவிடுங்கள். குறிப்பாக அந்தப் பாட்டை.

ஸ்காபரோ அண்ணை

அதே ஆல்பத்தின் 'ஹைவே பட்ரோல்மன்' பற்றி யாரும் எழுதவில்லை. போலீஸ்காரன் ஜோ, கெட்டு அலைகிற தம்பி ஃபிராங்கி. அடிதடி செய்துவிட்டு ஓடுகிறவனை ஜோ துரத்துகிறான். கனடா எல்லை ஐந்து மைல் என்ற பலகை வந்ததும் வண்டியை ஓரங்கட்டிவிட்டு, தம்பியின் பின்விளக்குகள் மறைவதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். கேட்கிற எல்லோரும் ஜோவுக்காகத்தான் கவலைப்படுகிறார்கள்.

நான் ஃபிராங்கி. களவும் இல்லை, சண்டையும் இல்லை, ஆனால் எல்லை கடந்தவன். 87இல் அமெரிக்காவின் பஃபலோ பக்கமிருந்து கனடாவுக்குள் வந்தேன். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பு வரைக்கும் என் அண்ணைதான் கூட்டிக்கொண்டு வந்தவர். கட்டுநாயக்கா விமான நிலையத்தில் உள்ளே போன பிறகு திரும்பிப் பார்த்தேன். கை காட்டவில்லை, அப்படியே நின்றார்.

ஃபிராங்கி கண்ணாடியில் எதைப் பார்த்திருப்பான் என்று அந்தப் பாட்டில் ஒரு வரியும் இல்லை. பின்னால் ஒரு வெளிச்சம் நின்றுபோய், சின்னனாகிக்கொண்டு வந்திருக்கும். வேலைக்குப் போகும் வழியில் முதன்முதல் கேட்டபோது காரை நிறுத்திவிட்டேன். அன்று அரை மணி நேரம் பிந்திப் போனேன்.

நாலு ட்ராக்

அண்ணை, உணர்ச்சி புரிகிறது. ஆனால் ஜோ வேலை பார்ப்பதாக வருகிற பெரின்வில் நியூஜெர்சியில் இருக்கிறது. அங்கிருந்து ஐந்து மைலில் கனடா வராது. மிச்சிகன், ஒஹையோ எல்லாம் ஒரே பாட்டில் கலந்து கிடக்கிறது. அதை வரைபடமாக எடுத்துக்கொண்டு அர்த்தம் தேடாதீர்கள்.

கேசட்காரன், நீங்கள் எதில் கேட்டீர்கள்? ஸ்பிரிங்ஸ்டீன் இதைப் பதிந்தது நியூஜெர்சியின் கோல்ட்ஸ் நெக் ஊரில் ஒரு வாடகை வீட்டில், 1982 ஜனவரி 3, டீயாக் நாலு ட்ராக் கேசட் ரிக்கார்டர். பெரும்பாலான பாட்டு அந்த ஒரு நாளில் பதிந்தது என்று சொல்வார்கள். அந்தக் கேசட்டைப் பெட்டிகூட இல்லாமல் ஜீன்ஸ் பையில் போட்டுக்கொண்டு திரிந்திருக்கிறார். பேண்ட் வைத்து வாசித்துப் பார்த்தும் சரிவராமல் அந்தக் கேசட்டையேதான் வெளியிட்டார்கள். ஆகவே ஹெட்போனில், ராத்திரியில், முதல் பாட்டிலிருந்து வரிசையாகக் கேளுங்கள். நெப்ராஸ்காவில் பலரைக் கொன்ற ஸ்டார்க்வெதர் என்பவனின் கதையில் ஆரம்பித்து ஒன்பது பாட்டு கடந்து கடைசிக்கு வந்தால் அதில் நம்பிக்கை தெரியாது. 2025இல் வந்த பேண்ட் பதிவுகளை அப்புறம் கேளுங்கள். தயவுசெய்து போன் ஸ்பீக்கர் வேண்டாம்.

சொந்த அனுபவம் ஏதும் இல்லை. வீட்டில் யாரும் இதைக் கேட்க விடுவதில்லை.

மீனா

நாலு ட்ராக் சொல்வதை ஒத்துக்கொள்ள மாட்டேன். ஹெட்போன் போட்டால்தான் அர்த்தம் விளங்குமா?

அந்தப் பாட்டில் திரும்பத் திரும்ப வருவது, உழைத்துக் களைத்த ஒவ்வொரு நாளின் முடிவிலும் ஜனங்கள் நம்புவதற்கு ஒரு காரணத்தைக் கண்டுபிடித்துவிடுகிறார்கள், அது வேடிக்கைதான் என்பது. சிரிக்கிற வேடிக்கையா, வியக்கிற வேடிக்கையா? சண்டையெல்லாம் இந்த ஒரு சொல்லில்தான். தமிழில் நாம் தெருவில் நின்று 'பார்ப்பதும்' வேடிக்கைதான்.

அம்மாவுக்கு ஒருநாள் நாலு சரணத்தையும் கதையாகச் சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். செத்த நாய்க்கு ஒன்றும் சொல்லவில்லை. விட்டுப்போனவனுக்காக ரோட்டு முனையில் காத்திருக்கிறவளுக்கு "ம்" என்றாள். குழந்தைக்கு ஞானஸ்நானம், கிழவருக்கு அடக்கம், அதற்கும் "ம்". கடைசியில் ஆற்றங்கரையில் மாப்பிள்ளை, பாதிரியார், ஊரே கூடி நிற்கிறது, பெண் வரவில்லை, எல்லோரும் கலைந்துவிட்டார்கள், பொழுதும் சாய்ந்துவிட்டது, அவன் மட்டும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான் என்றேன்.

அம்மா கீரையைக் கீழே வைத்தாள். "பஸ் கிடைச்சிருக்காதுடி" என்றாள்.

கேசட்காரன்

மீனா, இதைப் பெரியவரிடம் சொல்லியிருந்தால் ஒரு வாரம் சொல்லிச் சொல்லிச் சிரித்திருப்பார்.

அந்த நிகழ்ச்சித் தாள் இன்னும் காரில் இருக்கிறது. டர்ன்பைக் சொன்னது சரிதான், டேஷ்போர்டைத் திறந்தால் முதலில் கையில் வருவது அதுதான். அவர் மனைவி வீட்டுக்கு இதுவரை ஒரு தடவைகூடப் போனதில்லை. முகவரி இருக்கிறது.

நாலு ட்ராக், அந்தப் பேண்ட் பதிவில் கடைசிப் பாட்டும் உண்டா?