வீட்டு நிலை ஆய்வா, மனை நோட்டமா? வெள்ளிக்கிழமைக்குள் சொல் வேண்டும்

மொழிபெயர்ப்பாளர், பிரிக்பீல்ட்ஸ்:
வணக்கம். ஸ்காட்லாந்தில் வீடு விற்கும் தமிழ்க் குடும்பங்களுக்கான கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை ஒப்படைக்க வேண்டும். அங்கே 2008 டிசம்பரிலிருந்து, வீட்டைச் சந்தைக்குக் கொண்டுவருமுன் விற்பவரே தன் செலவில் ஓர் அறிக்கைத் தொகுப்பு எடுத்துவைக்க வேண்டும். சர்வேயர் வந்து கூரை, சுவர், ஈரக்கசிவு, குழாய் என்று ஒவ்வொன்றையும் பார்த்து 1, 2, 3 என்று எண் போடுவார். 3 என்றால் உடனே பழுதுபார்க்க வேண்டியது. கூடவே, வீட்டின் ஆற்றல் திறனுக்கு ஏ முதல் ஜி வரை ஓர் எழுத்து. இப்போதைக்கு 'வீட்டு நிலை ஆய்வு', 'ஆற்றல் தரவரிசை' என்று எழுதியிருக்கிறேன். சரியா?

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், பட்டர்வொர்த்:
தரவரிசை வேண்டாம், தம்பி. வரிசை என்றால் ஒருவரை முந்தி ஒருவர் நிற்க வேண்டும். இங்கே தெருவில் எல்லா வீடுமே ஏ வாங்கலாம். 'தரக்குறி' போதும். 'ஆய்வு' அருமையான சொல். தொல்காப்பியர் உரியியலில் ஓய்தல், ஆய்தல், நிழத்தல், சாஅய் நான்கையும் 'உள்ளதன் நுணுக்கம்' என்கிறார். உள்ளது நுண்ணிதாவது என்பதிலிருந்துதான் நுணுகிப் பார்ப்பது என்ற பொருள் கிளைத்தது என்று நினைக்கிறேன். கீரை ஆய்கிறோமே, அதிலும் இந்த ஆய்தல்தான். ஆய்த எழுத்தின் பெயரையும் இதோடு சேர்த்துப் பார்க்கலாம். அதைத் தனி மடலாக எழுதுகிறேன்.

கட்டடக் குத்தகையாளர், செந்தூல்:
ஆய்வு சரி, 'நிலை'தான் இடிக்கிறது. எங்கள் ஆட்களிடம் நிலை என்றால் கதவு நிலை. 'நிலை ஆய்வு' என்று சொன்னால் மரத்தில் கரையான் இருக்கிறதா என்று தட்டிப் பார்த்துவிட்டு வந்துவிடுவார்கள். இங்கே மலேசியாவில் புது வீட்டுச் சாவி கிடைத்ததும் 'டிஃபெக்ட் பார்க்க' ஆள் கூப்பிடுகிறோம். 24 மாதத்துக்குள் எழுதிக் கொடுத்தால், வீட்டைக் கட்டி விற்ற மேம்பாட்டாளர் சரிசெய்து தர வேண்டும். பழைய வீட்டுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை, வாங்குகிறவர்தான் சொந்தக் காசில் ஆள் வைத்துப் பார்க்க வேண்டும். அதனால் 'பழுதாய்வு' என்று வையுங்கள். எல்லாருக்கும் புரியும்.

மொழிபெயர்ப்பாளர்:
ஐயா, பழுதாய்வு என்றால் பழுது இருக்கிறது என்று முன்கூட்டியே முடிவு கட்டியதாகிவிடும். எண் 1 வாங்கிய நல்ல சுவரும் இந்த அறிக்கையில்தான் வருகிறது. செலவழிப்பது விற்பவர், அவர் சங்கடப்படுவார்.

தனித்தமிழ் அன்பர், ஜார்ஜ்டவுன்:
'நோட்டம்' என்ற சொல்லை ஏன் எல்லாரும் மறந்தீர்கள்? காசு நல்லதா கள்ளதா என்று பார்ப்பது நோட்டம், பார்ப்பவர் நோட்டக்காரர். பொருள் கைமாறுமுன் தரம் பார்க்கும் தொழிலுக்கு நம்மிடம் பெயர் இருந்திருக்கிறது. 'மனை நோட்டம்' என்று வையுங்கள். ஏ, ஜி என்ற எழுத்துகளும் வேண்டாம். மொத்தம் ஏழு படிதானே, அ முதல் எ வரை சரியாக ஏழு.

மாலை வகுப்பு ஆசிரியை, கோலாலம்பூர்:
நோட்டம் நல்ல சொல்தான், ஆனால் இன்று 'வீட்டை நோட்டம் விட்டான்' என்றால் திருடன். விற்பவர் கதவையே திறக்க மாட்டார். மனை என்றால் தமிழ்நாட்டு வாசகர் காலி நிலத்தைத்தான் நினைப்பார். எழுத்து விஷயம் இன்னும் ஆபத்து. அங்கே ஏ மிகச் சிறந்தது. நீங்கள் சொல்லும் வரிசையில் எ மிக மோசமானது. ஃபோனில் வாசித்தால் குறிலா நெடிலா என்பதில் வீட்டு விலையே மாறிவிடும்!

அப்புறம், 'ஆற்றல்' பற்றி. குளிர்பெட்டியில் நட்சத்திரம் பார்த்து வாங்கும் நம் ஆட்களுக்கு எரிசக்தி என்றால் பழக்கம்.

தனித்தமிழ் அன்பர்:
சக்தி வடசொல். ஆற்றல் இருக்க அது எதற்கு?

கட்டடக் குத்தகையாளர்:
'மின்செலவுக் குறி' என்றால் சண்டையே இல்லையே?

மொழிபெயர்ப்பாளர்:
அது முடியாது, ஐயா. அங்கே பல வீடுகளில் வீட்டைச் சூடாக்குவது எரிவாயு. குடியிருப்பவரின் பில்லையும் வைத்து இந்த எழுத்தைக் கொடுப்பதில்லை. சுவர், சன்னல், கூரைக்கு அடியில் போட்ட வெப்பக்காப்பு, கொதிகலன் இவற்றைப் பார்த்துக் கணக்கிடுகிறார்கள். ஆற்றல் என்றே இருக்கட்டும். இன்னொன்று, இரண்டுக்கும் 'சான்றிதழ்' என்று போடலாமா?

தமிழாசிரியர்:
கூடாது. ஆற்றலுக்குச் சான்றிதழ் தருகிறார்கள், அது 10 ஆண்டு செல்லும் என்று படித்திருக்கிறேன். மற்றது அறிக்கை.

மொழிபெயர்ப்பாளர்:
ஆமாம் ஐயா, வீடு சந்தைக்கு வரும்போது அந்த அறிக்கை 12 வாரத்துக்கு மேல் பழையதாக இருக்கக்கூடாது. சரி, நாளை வெள்ளி. 'வீட்டு நிலை ஆய்வறிக்கை', 'ஆற்றல் தரக்குறி', எழுத்துகள் ஏ முதல் ஜி வரை அப்படியே. நாலு பேர் ஒத்துக்கொண்டதாக எடுத்துக்கொள்கிறேன். கதவு நிலை வரும் இடங்களில் 'கதவுச் சட்டம்' என்று மாற்றிவிட்டேன்.

குத்தகையாளர்:
ஒத்துக்கொண்டேன். பழுதாய்வை அடைப்புக்குறியிலாவது போடுங்கள்.

தனித்தமிழ் அன்பர்:
நான் ஒத்துக்கொள்ளவில்லை. திருடன் எடுத்துக்கொண்டான் என்பதற்காக ஒரு சொல்லைக் கைவிடுவதா? நோட்டத்துக்கு ஒரு வாக்கு என்று குறித்துக்கொள்ளுங்கள். சட்டக் கையேட்டில் 'கதவுச் சட்டம்' என்று எழுதினால் என்ன ஆகும் என்பதையும் அனுப்புமுன் யோசியுங்கள்.